பரிந்துரைப்பவர் கட்டம் காலியாக இருந்த புதன்கிழமை

எங்கள் கம்பெனியில் ஒரு புதன்கிழமை முடியாமல் நின்றுபோனது. வெளியே சரவணம்பட்டி ரோட்டில் வியாழன் வந்தது, வெள்ளி வந்தது, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கூட்டம் நின்றது, திங்கட்கிழமை பள்ளிக்கூட வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஆனால் எங்கள் மூன்றாவது மாடிக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே கால் வைத்தால் அது எட்டாம் தேதி, புதன்கிழமை, காலை பதினொன்று நாற்பது, மீட்டிங் அறை மேஜையில் ஜன்னல் வெயில் முக்கால் பாகம் விழுந்திருக்கும், சாயங்காலம் நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்வரை அந்த வெயில் ஒரு விரல்கடை நகராது. கதை விடுகிறேன் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அங்கே உட்கார்ந்து பத்து நாள் ஒரே அரிசிம்பருப்புச் சாதத்தைத் தின்றவள் நான்.

என் பெயர் வளர்மதி. மற்றவர்கள் எழுதுகிற சாஃப்ட்வேரில் ஓட்டை தேடுவது என் வேலை, பதினாலு வருஷமாக அதைத்தான் செய்கிறேன், அதனால் வாயும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். எங்கள் கம்பெனி டயாலிசிஸ் மையங்களுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறது. ஈரோட்டிலிருந்து சத்தியமங்கலம் வரைக்கும் பதினோரு மையங்கள். யாருக்கு எந்த நாற்காலி, எத்தனை மணிக்கு, உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும், யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பதெல்லாம் திரையில் வரும், அதைப் பார்த்துத்தான் நர்சுகள் மிஷினை ஓட்டுவார்கள். கோபி மையத்தில் நாலாம் நம்பர் நாற்காலியில் செவ்வாய், வியாழன், சனி காலை ஆறரை மணிக்கு உட்காருகிறவன் என் தம்பி குமரேசன், முப்பத்தொரு வயது. ரத்தம் உறையாமலிருக்க மற்றவர்களுக்கு வழக்கமாகப் போடுகிற ஊசி அவனுக்கு ஆகாது. போன வருஷம் ஒருதடவை போட்டதில் வயிற்றுக்குள்ளே ரத்தம் கசிந்து பத்து நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான், பிழைத்து வந்தது எங்கள் அம்மா செய்த புண்ணியம். அதற்கப்புறம் அவன் பெயருக்கு எதிரே திரையில் ஒரு சிவப்புக் கட்டம் வருகிறது. அந்தக் கட்டம் வந்துகொண்டிருக்கிற வரைக்கும்தான் எனக்குத் தம்பி.

இத்தனையும் ஹார்போ என்கிற ஓர் அடித்தள சாஃப்ட்வேரின் மேல் நின்றது. எங்கோ வெளிநாட்டில் அதைச் செய்கிறவர்கள் ஒருநாள் கடிதம் போட்டார்கள், முப்பதாம் தேதி வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஹார்போவை நிறுத்துகிறோம், அதற்கப்புறம் திரையில் எதுவும் வராது, இதுவரை உபயோகித்ததற்கு நன்றி என்று. எட்டாம் தேதி நாங்கள் மீட்டிங் போட்டபோது வெள்ளைப் பலகையில் ‘இன்னும் 22 நாள்’ என்று எழுதியிருந்தது. அதற்குள் வேறொன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றியாக வேண்டும்.

எங்கள் கம்பெனியில் ஒரு தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுப்பது பெண் பார்க்கிறதைவிடப் பெரிய சடங்கு. முதலில் ஒரு பட்டியல் போடுவார்கள். மேலே போட்டிக்கு வந்தவைகளின் பெயர்கள், இடதுபக்கம் வரிசையாகக் கேள்விகள்: வேகம் எப்படி, பாதுகாப்பு எப்படி, நெட் போனால் தாங்குமா, நம் ஆட்கள் கற்றுக்கொள்ள எத்தனை நாளாகும், பெங்களூர்க்காரர்கள் எதை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மார்க். எல்லாம் கூட்டி முடித்தால் தாளின் அடியில் ‘பரிந்துரைப்பவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ஒரே ஒரு ஆளின் பெயர் வர வேண்டும்.

அந்தக் கட்டம் வந்தால் எல்லோரும் பேனாவை மூடி வைத்துவிடுவார்கள். காரணம் துரைசாமி. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஹார்போவுக்குக் கீழே தன் பெயரை எழுதியவர் அவர்தான். ஏழு வருஷம் ஹார்போ தங்கமாக ஓடியது, ஒருத்தரும் அவர் பெயரை எடுக்கவில்லை; ஒருநாள் மத்தியானம் மூணு மணி நேரம் படுத்துக்கொண்டது, உடனே எங்கள் தலைவர் முகுந்தன் சார் தன் அறையிலிருந்து வெளியே வந்து, என்ன ஆச்சு, எப்படிச் சரி செய்வது என்றெல்லாம் கேட்காமல், “இது யார் பேர்ல இருக்கு?” என்று கேட்டார். அன்றிலிருந்து நாற்பத்து நாலு வயது துரைசாமிக்குப் பிரிண்டர் பக்கத்தில் நாற்காலி, பழைய ஃபைல்களுக்குப் பெயர் மாற்றுகிற வேலை. அந்தக் கேள்வியும் அப்படியே கம்பெனி வழக்கமாகிவிட்டது, காபி மிஷினில் சர்க்கரை தீர்ந்தால்கூட அது யார் பேரில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்போம்.

அந்தப் புதன்கிழமை போட்டியில் மூன்று இருந்தன. கோரல் என்பது புதுசு, பளபளவென்று இருக்கும், எங்கள் டீம் லீடர் அஸ்வந்த் அதற்குத்தான் ஒற்றைக்காலில் நின்றான். இருபத்தாறு வயதுப் பையன், கெட்டிக்காரன், பயோடேட்டாவில் கோரல் என்று ஒரு வார்த்தை இருந்தால் அடுத்த கம்பெனிக்காரன் வாசலுக்கே வருவான் என்று அவனுக்குத் தெரியும். மெல்லோ என்பது முகுந்தன் சாரின் நண்பர் கம்பெனியில் ஓடுகிறது. ஜான்டர் என்பது இருபது வருஷப் பழசு, பார்க்க அசிங்கம், ஆனால் நெட் போனாலும் நிற்காது, எங்களில் பாதிப் பேருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். மார்க் போட்டுக் கூட்டினால் ஜான்டர் ரெண்டு மார்க்கில் முந்தியது. முந்திவிட்டால் யாராவது பெயர் எழுத வேண்டுமே. யாரோ ‘எதிர்கால வளர்ச்சி’ என்று ஒரு வரிசை சேர்த்தார்கள், கோரல் முந்தியது, இப்போது அஸ்வந்தே தலையைக் குனிந்துகொண்டான். இன்னொருவர் ‘கையேட்டின் தரம்’ என்று ஒரு வரிசை சேர்க்க, எழுபத்துநாலு, எழுபத்துநாலு, எழுபத்துநாலு என்று மூன்றும் ஒன்றாக வந்து நின்றன. அந்த அறையில் எல்லோரும் விட்ட பெருமூச்சு எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது, நானும் விட்டேன், பொய் சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்சம் ஆராய்வோம் என்றார் முகுந்தன் சார், சுவர்க் கடிகாரம் பதினொன்று நாற்பதில் நின்றது.

மறுநாள் காலை வந்தபோது மணி பதினொன்று நாற்பது. கேன்டீன் நடத்துகிற ராசாத்தி அக்கா வியாழக்கிழமைக்கென்று புளிசாதம் கிளறிக் கீழே வண்டியிலிருந்து இறக்கினார், அது கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே வந்தபோது புதன்கிழமையின் அரிசிம்பருப்பாக இருந்தது. அக்கா மூடியைத் திறந்து பார்த்து, கரண்டியால் ஒருதடவை கிண்டிப் பார்த்து, சரி, நெய் ஊற்றிக்குங்க என்று சொல்லி வரிசையை நகர்த்தினார். வெள்ளைப் பலகையில் 22-ஐ அழித்து 21 என்று எழுதினேன், கையை எடுத்தபோது 22 என்றுதான் இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, எங்கள் ஆட்கள் ரெண்டே நாளில் பழகிக்கொண்டார்கள். வருகைப் பதிவில் புதன் ஒன்று, புதன் இரண்டு, புதன் மூன்று என்று குறிக்கச் சொல்லி எச்.ஆர். சுற்றறிக்கை விட்டது. படிக்கட்டுக்குக் கீழே வாட்ச்மேன் ஒரு சிலேட்டில் வெளித் தேதியை எழுதித் தொங்கவிட்டார், மறந்துபோகிறவர்கள் இறங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டு வரலாம். வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை கவிச்சி தொடாதவர்கள் டிபன் பாக்ஸில் பிரியாணி கட்டிக்கொண்டு வந்து, இங்கே புதன்கிழமைதானே, சாமிக்கே தெரியும் என்று நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். காலையில் வைத்த மல்லிகை உள்ளே வாடவில்லை, பிரிட்ஜில் இருந்த பால் புளிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பிறந்தநாள் வந்தவன் தெருவில் இறங்கி பேக்கரி வாசலில் கேக் வெட்டிவிட்டு மேலே வந்தான். காண்ட்ராக்ட் பதினைந்தாம் தேதியோடு முடிய வேண்டிய நிவேதா என்கிற பெண் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டு வளைய வந்தாள். கீழ்மாடிக் கம்பெனிக்காரர்கள்கூட ஏறி வந்து, இதை எப்படி வரவழைத்தீர்கள், எங்களுக்கும் மாசக் கடைசியில் ஒரு வேலை முடிக்க வேண்டியிருக்கிறது என்று பொறாமையோடு விசாரித்தார்கள்.

இருபத்திரண்டு நாள் எப்போதும் இருபத்திரண்டு நாளாகவே இருப்பதால் அவசரம் என்ற பேச்சே போய்விட்டது. நாளுக்கொரு புதுப் பெயர் போட்டிக்குள் வந்தது. ஒன்று முந்தினால் உடனே ஒரு கேள்வியைச் சேர்த்துச் சமமாக்கினார்கள். விற்கிறவர்கள் வந்து படம் போட்டுக் காட்டினார்கள், பிஸ்கட் தின்றார்கள், போனார்கள். பெரிய தாளில் அடித்தால்தான் எல்லாம் தெரிகிறது என்று கடைசியில் பட்டியலைச் சுவரில் ஒட்டும்படி ஆயிற்று. அதன் அடியில் அந்த ஒரு கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

வெளித் தேதி உள்ளே வருவதற்கு ஒரே வழிதான் இருந்தது, என் மேஜைப் போன். கோபி மையத்து சிஸ்டர் ஆரோக்கியமேரி தினமும் கூப்பிடுவார். அவர் வாயிலிருந்து வருகிற எண் மட்டும் எங்கள் கதவிடம் மாட்டாமல் அப்படியே வந்தது: இன்னைக்கு பத்தொன்பது நாள் இருக்குங்க, இன்னைக்கு பதினேழு நாள் இருக்குங்க, புதுசு எப்பக் கொடுப்பீங்க, நர்ஸ் புள்ளைங்களுக்குப் பழக்கிவிடணும். முப்பதாம் தேதியிலிருந்து தன்னை பவானி மையத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றும், கோபிக்குப் புதுப் பெண்தான் வருகிறாள், அவளுக்கு யாரையும் முகம் தெரியாது என்றும் பதினாலு நாள் இருக்கும்போது சொன்னார். முகுந்தன் சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பலகையைக் காட்டினார்.

“அது அவங்க கணக்கும்மா. நமக்கு இருபத்திரண்டு இருக்கு.”

எவ்வளவு நாள் பிடிக்கும் என்று எவரும் கேட்காததால் நானே துரைசாமியிடம் போய்க் கேட்டேன். அந்த அறைக்குள் கேட்டால் பதில் சொல்ல மாட்டார் என்று தெரியும், எதிரே பேக்கரியில் டீ வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன். ஜான்டர் என்றால் நாலு பேர் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்தால் ஒன்பது நாள், எட்டில் முடியாது, மற்றதெல்லாம் எனக்குத் தெரியாது, தெரியும் என்று சொல்கிறவனை நம்பாதீங்க என்றார். அப்படியானால் நீங்களே எழுதலாமே என்று கேட்டேன். ஒருதடவை எழுதினதுக்கே இன்னும் முடியலைங்க வளர்மதி என்று சொல்லிவிட்டுக் காலிக் கிளாஸைக் கழுவுகிற இடம்வரை கொண்டுபோய் வைத்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அப்புறம் என்மேலும் வந்தது, நான் மட்டும் என்ன கிழித்தேன்.

பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கோபிக்குப் போனேன். குமரேசன் கட்டிலில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான், முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது, உங்க ஆபீஸ்ல வியாழக்கிழமையே கிடையாதாமே, அப்புறம் நான் எந்தக் கிழமை உட்கார்றது, அக்கா என்று கிண்டல் செய்தான். சிரித்துக்கொண்டே அவன் கையைப் பிடித்தேன், முழங்கைக்குக் கீழே பால்பாயிண்ட் பேனாவில் பெரிதாக ‘ஊசி வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. என்னடா இது என்றேன். ஒத்திகை பார்க்கிறேன் என்றான். மிஷின் ஓடும்போது தூங்கிவிடுவேன், புது சிஸ்டர் வருகிறார்களாம், திரையில் ஒன்றும் வராவிட்டால் கையைப் பார்க்கட்டும் என்று. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. கிட்டே இழுத்துப் பார்த்தேன். ‘இப்படிக்கு, அக்கா வளர்மதி.’

“யார் சொன்னதுன்னு கேப்பாங்கல்ல,” என்றான். “அதான் உம் பேரைப் போட்டேன்.”

என்னிடம் கேட்காமல், மார்க் போட்டுப் பார்க்காமல், இன்னும் கொஞ்சம் ஆராயாமல் என் தம்பி தன் தோலில் என் பெயரை எழுதி வைத்திருந்தான். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அம்மாவுக்குக் கேட்டிருக்கும், வெளியே வந்ததும் துண்டை நீட்டினார்.

திங்கட்கிழமை உள்ளே போனபோது புதன்கிழமை பதினொன்று நாற்பது. போன் அடித்தது. பத்து நாள் என்றார் சிஸ்டர், போனை வைத்தேன். நேராக மீட்டிங் அறைக்குப் போனேன். பதினாலு பெயர்கள், அறுபத்தொரு கேள்விகள், பதினாலும் இருநூற்றுப் பன்னிரண்டில் சமமாக நின்றன, பதினைந்தாவதாக ஒன்று போன வாரம்தான் வெளிவந்திருக்கிறது என்று அஸ்வந்த் எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தான். இந்தப் பதினாலில் எதையாவது ஒன்றை ஒன்பது நாளில் முடிக்க முடியுமா என்று கேட்டேன். ஒன்பது எங்கே வந்தது, இருபத்திரண்டு இருக்கிறதே என்றார்கள். நான் பேனாவை எடுத்துக்கொண்டு சுவர்த் தாளின் அடிப்பக்கம் போய் மண்டி போட்டு உட்கார்ந்தேன். அந்தக் கட்டம் அவ்வளவு கீழே இருந்தது.

அறையே எழுந்துவிட்டது. டெஸ்டிங் ஆட்கள் பரிந்துரைக்கிற பழக்கமில்லையே என்றார் ஒருவர். அக்கா, வேண்டாம் என்றான் அஸ்வந்த், எனக்காகத்தான் சொன்னான், அந்தப் பயத்தில் கலப்படம் இல்லை. கதவோரம் நிவேதா நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகுந்தன் சார் என் பக்கத்தில் வந்து குனிந்து, யாருக்கும் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

“யோசிச்சுக்கோங்க வளர்மதி. நாளைக்கு ஒண்ணுன்னா உங்க பேர்தான் நிக்கும்.”

“நாளைக்குன்னு ஒண்ணு வரட்டுங்க சார். அப்புறம் பேரைப் பாத்துக்கலாம்.”

ஜான்டர் என்று எழுதினேன். அதற்குக் கீழே வளர்மதி என்று எழுதினேன். கட்டம் சின்னது, கடைசி எழுத்து வெளியே இழுபட்டுப் போனது.

கடிகாரம் ஒருதடவை இருமியது. பதினொன்று நாற்பத்தொன்று. மேஜைமேல் பன்னிரண்டு நாளாக அசையாமல் கிடந்த வெயில் எழுந்து சுவரில் ஏறி மறைந்தது, ஜன்னலில் இருட்டு வந்தது, போனது, மறுபடி வெயில், மறுபடி இருட்டு, பன்னிரண்டு அஸ்தமனம் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் முகங்களின்மேல் கடந்து போக, வாடாத மல்லிகையெல்லாம் கூந்தலிலேயே கருகி உதிர, பிரிட்ஜுக்குள் பால் திரிந்த வாடை அறைவரை வர, வெள்ளி சனியில் பிரியாணி சாப்பிட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாமி பெயரைச் சொல்ல, பன்னிரண்டு நாள் அலுப்பும் ஒரே நேரத்தில் வந்து மேலே விழ எல்லோரும் அவரவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தோம். பலகையில் பத்து என்று இருந்தது. இருபதாம் தேதி திங்கட்கிழமை மத்தியானமாகியிருந்தது. நிவேதாவின் காண்ட்ராக்ட் முடிந்து ஐந்து நாளாகியிருந்தது. அவள் தன் தண்ணீர் பாட்டிலையும் சார்ஜரையும் பைக்குள் போட்டுக்கொண்டு, போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் நாட்கள் எல்லோருக்கும் போகிற மாதிரியே எங்களுக்கும் போயின, குறையாத எண்ணுக்குப் பழகிய எங்களுக்கு அது ஓட்டமாகத் தெரிந்தது. பிரிண்டர் பக்கத்திலிருந்து துரைசாமி தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் நடுவில் போட்டார், ஒருவரும் கூப்பிடவில்லை. அஸ்வந்த் ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், மறுநாளிலிருந்து நெட் போனால் தாங்குகிற பகுதியை அவன்தான் எழுதினான், அதைவிட நன்றாக யாராலும் எழுதியிருக்க முடியாது. இருபத்தெட்டாம் தேதி நான் சோதித்தபோது எல்லாம் வந்தது, என் தம்பியின் சிவப்புக் கட்டம் வரவில்லை. முகுந்தன் சார் தன் அறை வாசலில் வந்து நின்றார், வாய் திறந்து வழக்கமான கேள்விக்குத் தயாராக இருந்தது. துரைசாமி மூணு மணி நேரம் தேடி, போன வருஷம் தனியாக ஓர் இடத்தில் சேர்த்து வைத்த பதினொரு பேருடைய எச்சரிக்கைகள் மட்டும் புதுசுக்கு மாறி வரவில்லை என்று கண்டுபிடித்து, அவற்றையும் மாற்றினார். பதினோராவது பெயர் குமரேசன்.

முப்பதாம் தேதி விடிவதற்கு முன்பே ஆபீஸுக்குப் போய்விட்டேன், மற்றவர்களும் வந்திருந்தார்கள். ஆறு மணிக்கு ஹார்போ நின்றது, புதுசு ஓடத் தொடங்கியது. ஆறரை. கோபியில் இந்நேரம் அவன் நாற்காலியில் சாய்ந்திருப்பான். ஆறு நாற்பதுக்கு கோபியில் நெட் போய்விட்டதென்று எங்கள் திரையில் ஒரு மஞ்சள் விளக்கு வந்தது. ஊரெல்லாம் நெட் இருக்க இங்கே மட்டுமா போக வேண்டும் என்று நான் கடவுளைத் திட்டினேன். அந்த மையத்தில் என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று இனி எங்களுக்குத் தெரிய வழியில்லை. மையத்துக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை, தம்பியின் போன் மிஷினில் உட்காரும்போது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஏழு ஆனது, எட்டு ஆனது. துரைசாமி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார், அஸ்வந்த் திரையில் மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் மறுபடி மறுபடி கோபிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு பவானியிலிருந்து ஆரோக்கியமேரி சிஸ்டர் கூப்பிட்டார். அங்கே எல்லாம் வருகிறது, சீட்டு மட்டும் பிரிண்ட் ஆகவில்லை என்றார். அறைக்குள் சேதி பரவியதும் முகுந்தன் சார் வந்தார், சுவரில் இன்னும் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார்.

“இது யார் பேர்ல இருக்கு?”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இந்த ஒரு வருஷத்தில் எத்தனையோ பேர் இப்படித் திரும்பிப் பார்க்கப்படுவதை நானும் அவர்களோடு சேர்ந்து பார்த்திருக்கிறேன்.

“எம் பேர்லதாங்க சார்.”

அவர் அடுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தபோது என் கைபேசி அடித்தது. குமரேசன். எடுத்தேன். நாலு மணி நேரம் முடிந்து, இட்லி சாப்பிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். நெட் இல்லாமல்தான் இருந்ததாம், திரை மட்டும் அணையவில்லையாம். புது சிஸ்டர் ஊசியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்களாம், திரையைப் பார்த்தார்களாம், திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டார்களாம்.

“கையில எழுதிட்டுப் போனியா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. அதான் நீ எழுதிட்டியே.”

போனைக் காதிலிருந்து எடுக்காமலே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று நாற்பது. முகுந்தன் சார் நான் போனை வைக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார், நான் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தொன்று ஆனது. கேன்டீனிலிருந்து புளிசாதத்தின் வாசம் வந்தது. நான் பவானி பிரிண்டர் என்ன ஆச்சென்று பார்க்கப் போனேன்.